இரண்டு பேராக ஓடியவர்

1986ஆம் ஆண்டுக் குளிர்காலம் முழுவதும் என் அத்தான் இரண்டு ஆட்களாக இருந்தார். ஒருவர் பெயர் வி. தியாகலிங்கம். மற்றவர் பெயர் டி. விநாயகமூர்த்தி. இருவருக்கும் ஒரே சைக்கிள், ஒரே சப்பாத்து, ஒரே மனைவி. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆக்லாந்தின் மேற்குப் பக்கத்தில் இயங்கிய வெஸ்ட் ரிட்ஜ் வீலர்ஸ் என்ற சைக்கிள் கழகம் அப்படித்தான் எழுதிவைத்தது. தட்டச்சு செய்து, கீழே செயலாளர் கையெழுத்தும் போட்டு.

அந்தக் கழகத்தில் அவரைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. போட்டி நாளில் சேற்றில் நிற்கும் ஐம்பது பேரில் எங்கள் நிறமும் எங்கள் முகமும் உள்ளவர் அவர் ஒருவர்தான். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுத முடியாது.

அவர் என் அக்கா ரதிதேவியின் கணவர். அப்போது முப்பத்தொன்பது வயது. இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராகப் பதினான்கு வருடம் வேலை செய்தவர். 1984இல் இங்கே வந்த பிறகு, வரைபட மேசை உள்ள எல்லா அலுவலகங்களுக்கும் விண்ணப்பம் போட்டார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: நியூசிலாந்தில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா? நியூசிலாந்தில் வேலை கொடுத்தால்தானே அந்த அனுபவம் வரும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் நியூ லினில் இரும்புச் சாமான் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த எங்கள் வாடகை வீட்டிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வந்தார். நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். ஒரு அச்சகத்தில் வேலை.

எங்கள் ஆட்களுக்கு அவர் சைக்கிளில் போவதே பொறுக்கவில்லை. "படிச்ச மனிசன், ஒரு பழைய காராவது வாங்கேலாதோ?" என்று அக்காவிடம் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் ஊரில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள்.

வந்த மறுவருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெண்டர்சன் பக்கம் போன அத்தான் ஒரு பழத்தோட்டத்துக்குப் பக்கத்துக் காணியில் கூட்டத்தைப் பார்த்து நின்றிருக்கிறார். ஆட்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்று மேட்டில் ஏறி ஓடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"சைக்கிளைக் காவுறதுக்கும் ஒரு போட்டி வைச்சிருக்கிறாங்கள் ரதி! எனக்கு அரசாங்கம் சம்பளம் தந்து செய்விச்ச வேலை அது."

உண்மைதான். குளக்கட்டு அளக்கவும் வாய்க்கால் அளக்கவும் வன்னிக்குள் சைக்கிளில் திரிந்தவர். கட்டு உடைந்த இடத்தில் இறங்குவார், சைக்கிளைத் தோளில் போடுவார், அந்தப் பக்கம் போய் ஏறுவார். மாரி காலத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவை. அதற்குச் சைக்ளோகிராஸ் என்று ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது.

இது குளிர்காலத்து ஓட்டம். புல்வெளி, சேறு, மேடு, பள்ளம் எல்லாம் சேர்த்து ஒரு வட்டம் போடுவார்கள். ஒரு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். வழியில் முழங்கால் உயரத்துக்குப் பலகை நிறுத்தியிருப்பார்கள். மிதியை உழக்கிக்கொண்டு அதைத் தாண்ட முடியாது. ஓடும் சைக்கிளிலிருந்து இறங்கி, தூக்கி, பாய்ந்து, மறுபடி ஏறவேண்டும். இந்த இறங்கி ஏறும் இடத்தில்தான் எல்லோரும் நேரத்தை விடுவார்கள். அத்தான் அந்த இடத்தில்தான் ஆட்களை முந்துவார். உழக்குகிற கால் அப்படியே ஓடுகிற காலாகிவிடும். எது எப்போது முடிந்தது, எது எப்போது தொடங்கியது என்று பார்த்துக்கொண்டே நின்றாலும் பிடிபடாது.

அவர் சைக்கிள் ஒரு பச்சை ராலி. இரண்டாம் கையாக வாங்கியது. மட்காட், கரியர் எல்லாம் கழற்றிவிட்டு, தோளில் படுகிற இடத்தில் சிவப்புக் கரை போட்ட பழைய துவாய் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தார். கழகத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒரு சைக்கிள் இல்லை. அவருடைய பெயர் அவர்களின் வாயில் நுழையவில்லை. டைகர் என்று கூப்பிட்டார்கள். அது எங்கள் ஊரில் என்ன பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. அத்தானும் விளக்கவில்லை.

அக்காவும் நானும் பார்க்கப் போவோம். மழையில் ஒரே குடைக்குள் நிற்போம். நான் புதுக்கவிதைப் புத்தகம் ஏதாவது கொண்டுபோவேன். அக்கா கத்துவாள்: "உந்தப் புத்தகத்தை மடிச்சு வைச்சிட்டுக் குடையை நேராப் பிடி. கவிதை நனையேல்லை, நான்தான் நனையிறன்." உடனேயே அந்தப் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ, மேட்டில விட்டிடாதையுங்கோ, அந்த மொட்டையனைப் பிடியுங்கோ!" என்பாள். தமிழில் கத்தினால் மொட்டையனுக்கு விளங்காது என்பதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

1986இல் ஐந்து ஓட்டம். ஐந்தில் சிறந்த நான்கின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். முதல் ஆறு பேர் ஹமில்டனில் நடக்கும் வட தீவுப் போட்டிக்கு ஆக்லாந்து அணியாகப் போவார்கள். அணிக்கு நீலமும் வெள்ளையும் கலந்த சட்டை. நெஞ்சில் ஆக்லாந்து என்று எழுதியிருக்கும். அத்தான் அந்தச் சட்டைக்கு ஆசைப்பட்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய மாதிரிச் சட்டையை அவர் நின்று பார்த்த விதத்தில் எனக்குத் தெரிந்தது. இந்த ஊரில் அனுபவம் இல்லை என்று சொன்னவர்களுக்கு நடுவில், இந்த ஊரின் பெயரைப் போட்டுக்கொண்டு ஓட விரும்பினார். அது பெரிய ஆசையா?

முதல் ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். இரண்டாவதில் மூன்றாவது. மூன்றாவதில் ஐந்தாவது. நான்காவதில் இரண்டாவது. பிழை இதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால், எங்கள் பெயர் பின்னால், அவ்வளவுதான். இங்கே எந்தப் படிவத்தைத் தொட்டாலும் குடும்பப்பெயருக்கு ஒரு பெட்டி இருக்கிறது. குடிவரவு அலுவலகத்தில் ஒருமுறை படிவம் திரும்பி வந்த பிறகு அக்கா ஒரு முடிவெடுத்தாள்: அந்தப் பெட்டிக்குள் மாமாவின், அதாவது அத்தானின் அப்பாவின், பெயர்தான். அன்றிலிருந்து மின்சாரம், தொலைபேசி, வீட்டு வாடகை எல்லாம் விநாயகமூர்த்தியின் பெயரில். மாமா சாவகச்சேரியை விட்டு அசையாமலே ஆக்லாந்தில் மின்சாரம் எரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் படிவம் என்றால் அக்கா. இரண்டாவது, நான்காவது ஓட்டங்களுக்கு அவள் முன்கூட்டியே தபாலில் பதிந்தாள், விநாயகமூர்த்தி என்று. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் அத்தான் அன்று காலை மேசையில் தானே பதிந்தார், தியாகலிங்கம் என்று. இலக்கத் துணியை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாகத் தருவார்கள். அதனால் யாரும் கவனிக்கவில்லை.

நான்காவது ஓட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து, நியூ லின் சைக்கிள் கடைப் பலகையில் மொத்தப் புள்ளி அட்டவணையைக் குத்தியிருந்தார்கள். சனிக்கிழமை காலை அத்தானும் நானும் போய்ப் பார்த்தோம். ஏழாவது டி. விநாயகமூர்த்தி. ஒன்பதாவது வி. தியாகலிங்கம். அத்தான் விரலை வைத்து இரண்டையும் கூட்டினார். இன்னொரு தடவை கூட்டினார். இரண்டாவது இடம்.

"சின்னப் பிழை," என்றார். "செவ்வாய்க்கிழமை போய்ச் சொன்னால் சரி."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கழக மண்டபத்துக்கு நானும் கூடப் போனேன். செயலாளர் பெயர் பிரையன். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்தக்காரர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்படிப்பட்டவர்களை எல்லா இடத்திலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறார்கள். அத்தான் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார்.

"அட, நீங்கள் இரண்டு பேர் இல்லையா?" என்று கேட்டார் பிரையன்.

"இல்லை. நான் ஒருவன்."

"அண்ணன் தம்பி என்று நினைத்தோம். ஒரு ஞாயிறு ஒருவர், அடுத்த முறை மற்றவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முறை போட்டுக்கொள்கிறீர்கள் என்று."

"எனக்குப் பிள்ளைகள் இல்லை. போன ஓட்டம் முடிய நீங்கள்தானே எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தீர்கள்?"

"ஓ, தந்தேன்."

"அதற்கு முந்தின ஓட்டத்திலும் தந்தீர்கள். அது யாருக்கு?"

பிரையன் சிரித்தார். "கோபப்படாதே டைகர். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்! பச்சை ராலி, சிவப்புக் கரைத் துவாய், நெற்றியில் முழுதாக அழியாத திருநீறு, இடது முழங்காலில் பழைய தையல். இத்தனையும் இரண்டு பேருக்கு ஒன்றுபோல் இருக்கும் என்று ஒரு மனிதர் நம்பினாராம். இல்லை, அவர் நம்பவும் இல்லை. பார்க்கவே இல்லை. முகத்துக்கு மேலால் ஒருமுறை பார்வை போனது; பெயருக்கு மேலால் ஒருமுறை போனது; அவ்வளவுதான்.

அத்தான் கடவுச்சீட்டைக் கொண்டுபோயிருந்தார். இரண்டு பெயரும் ஒரே வரியில், பக்கத்தில் அவருடைய படம். பிரையன் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது நீ இருக்கிறாய் என்று காட்டுகிறது. மற்றவர் இல்லை என்று காட்டவில்லையே. முறைப்பாடு வந்தால் கமிட்டி கேட்கும். உனக்குத் தம்பி யாரும் இருக்கிறானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அத்தான் கடவுச்சீட்டை வாங்கிப் பையில் வைத்தார்.

"இருக்கிறான்."

"பார்த்தாயா!"

"அவன் பெயர் நவரத்தினம். உங்கள் அட்டவணையில் நவரத்தினம் எங்கே இருக்கிறது? அவன் இலங்கையில். சிறையில்."

"என்ன செய்தான்?"

"ஒன்றும் செய்யவில்லை."

பிரையன் ஒரு புன்னகை செய்தார். சிறையில் இருப்பவர்களின் அண்ணன்மார் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்ற புன்னகை. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் என்மேல் எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது.

நவம் அண்ணை ஒரு கடையில் கணக்கப்பிள்ளை. 1984 கடைசியில் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும்; வெட்டிக் கறுப்படித்துப் பாதிதான் வரும். அந்த வருடம் ஏப்ரலுக்குப் பிறகு அதுவும் வரவில்லை. விடுதலையானால் இங்கே எடுப்பதற்கு அத்தான் மனு போட்டு வைத்திருந்தார்.

"ஒன்று செய்," என்றார் பிரையன், உதவி செய்கிற குரலில். "உங்கள் ஆட்களில் பெரியவர் யாராவது, உனக்குத் தம்பி இல்லை என்று ஒரு கடிதம் தரட்டும்."

"இருக்கிறான் என்று இப்போதுதானே சொன்னேன்."

"இங்கே இல்லைதானே? சுருக்கமாக, இல்லை என்றே எழுதட்டும். கமிட்டிக்குக் கதை எல்லாம் வேண்டாம்."

எங்கள் ஆட்களில் பெரியவர் என்றால் டொக்டர் கதிர்காமநாதன். தமிழ்ச் சங்கத் தலைவர். அடுத்த ஞாயிறு, சங்கம் கூடும் பள்ளிக்கூட மண்டபத்தில் அத்தான் போய்க் கேட்டார். டொக்டர் முழுதும் கேட்டுவிட்டு, சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். அவ்வளவு சுலபமாக எடுப்பார் என்று நாங்கள் நினைக்கவில்லை.

"சேத்துக்குள்ள விழுந்து எழும்புறதுக்கு ஒரு கடிதம். சரி, ஒரு வரிதானே தியாகு. இவருக்குச் சகோதரர் இல்லை. போதுமோ?"

"டொக்டர், நவத்தைக் கூப்பிடுற மனுவில சாட்சிக் கையெழுத்து வைச்சதும் நீங்கள்தானே."

"அது இமிக்கிரேசனுக்கு. இது சைக்கிளுக்கு. ரெண்டையும் பக்கத்தில வைச்சு ஆர் பாக்கப்போறான்?"

"இஞ்சை இருக்கிற சகோதரர் இல்லை எண்டு எழுதுங்கோவன்."

டொக்டர் பேனாவை மூடினார். "அப்பிடி எழுதினால் எங்கை இருக்கிறான் எண்டு கேப்பாங்கள். மறியலில எண்டு சொல்லவேணும். ஏன் எண்டு கேப்பாங்கள். உங்களை அங்கை டைகர் எண்டு வேற கூப்பிடுறாங்களாம். இந்தக் கூத்துக்குள்ள சங்கத்தின்ர பேர் வரவேணுமோ? இல்லை எண்டால் இல்லை. லேசான வேலை."

"உயிரோட இருக்கிறவனை இல்லை எண்டு எழுதப்படாது டொக்டர்."

"இதென்ன சகுனம் பாக்கிற கதை!"

"ஓம். சகுனம்தான்," என்று சொல்லிவிட்டு அத்தான் எழுந்து வந்துவிட்டார்.

நான் கவனித்துப் பார்த்தேன். இந்த ஒரு விஷயத்தில் பிரையனும் டொக்டரும் ஒன்றாகத்தான் நின்றார்கள். ஒருவர் இல்லாத ஆளை இருக்கிறான் என்றார். மற்றவர் இருக்கிற ஆளை இல்லை என்றார். இரண்டு பேருக்கும் அது லேசான வேலை.

வீட்டில் அக்கா அழுதாள். "நான்தான் எழுதினன். நான் எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்கு இந்த வினை இல்லை."

"நீ உள்ளதைத்தானே எழுதினாய். பெட்டிதான் பிழை," என்றார் அத்தான்.

அக்கா முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு பேர் எண்டுதானே சொல்லுகினம்? கடைசி ஓட்டத்துக்கு ரெண்டு பேராப் போவம்."

அத்தான் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

ஐந்தாவது ஓட்டத்துக்கு அக்கா விநாயகமூர்த்தியைத் தபாலில் பதிந்தாள். அன்று காலை அத்தான் மேசையில் தியாகலிங்கத்தைப் பதிந்தார். இரண்டு இலக்கத் துணிகளைக் கையில் கொடுத்த பெண், "தம்பி நலமா?" என்று கேட்டாள். முப்பத்தொன்றை முதுகில் குத்தினோம். பதினெட்டை வயிற்றில் குத்தினோம். தொடங்கும் கோட்டில் பெயர் கூப்பிட்டார்கள். ஆங்கில அகர வரிசையில் இரண்டும் கிட்டக்கிட்ட வரும்.

"தியா… தியாகா…"

"இருக்கிறேன்."

"வினா… வினாய…"

"இருக்கிறேன்."

ஒரே குரல், ஒரே வாய், ஒரே ஆள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைய சேற்றில் எல்லோரும் திணறினார்கள். மேட்டில் ஆட்கள் சறுக்கிக் கையூன்றி எழும்பினார்கள். அத்தான் கீழேயே இறங்கி, தோளில் போட்டு, குறுக்கே ஓரடி ஓரடியாக வைத்து ஏறினார். மூன்றாவதாக வந்து சேர்ந்தார்.

பிறகு நடந்ததை நான் பார்த்திராவிட்டால் நம்பமாட்டேன். கோட்டில் இரண்டு பேர் இலக்கம் எழுதுகிறவர்கள். ஒருவர் முன்னால் நின்று வயிற்றைப் பார்த்து எழுதினார். மற்றவர் பின்னால் நின்று முதுகைப் பார்த்து எழுதினார். பிரையன் இரண்டு தாளையும் சேர்த்து, மூன்றாவது இடத்தில் இருந்த இரண்டு இலக்கத்தையும் இரண்டு ஆளாக்கி, ஒரு பெட்டிமேல் ஏறி நின்று வாசித்தார். மூன்றாவது, தியாகலிங்கம். அத்தான் முன்னால் போனார். நான்காவது, விநாயகமூர்த்தி. அங்கேயே நின்ற அத்தான் கையை உயர்த்தினார்.

முதலில் சிரித்தவர் மொட்டையர்தான்; எப்போதும் அத்தானோடு போட்டி போடுகிறவர். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிரையனின் முகம் சிவந்தது.

"இது மோசடி! ஓர் ஆள் இரண்டு பெயரில் ஓட முடியாது. இந்த ஓட்டம் உனக்கு இல்லை. இரண்டு பெயரையும் நீக்குகிறேன்!"

"எத்தனை ஆள்?" என்று கேட்டார் அத்தான்.

"ஒரு ஆள்!"

"நல்லது. முந்தின நான்கிலும் அந்த ஒரு ஆள்தான்."

புள்ளி கொடுக்கவேண்டிய இடத்தில் இரண்டு பேர். தண்டிக்கவேண்டிய இடத்தில் ஒரு ஆள். அதற்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், பெரியவரின் கடிதமும் வேண்டாம். பார்த்த பார்வையில் தெரிந்துவிட்டது.

கமிட்டிக்காரர்கள் கழகத்து வான் வண்டிக்குப் பின்னால் போய்ப் பத்து நிமிடம் பேசினார்கள். மொட்டையரும் இன்னும் சிலரும், அவனுக்குப் புள்ளியைக் கொடுங்கள் என்று சத்தம் போட்டார்கள். பிரையன் கையால் எழுதிய ஒரு தாளோடு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"இதில் கையெழுத்துப் போடு. பழைய புள்ளிகளைக் கூட்டிவிடுகிறோம். ஹமில்டனுக்கு நீ வருகிறாய்."

அத்தான் வாசித்தார். நானும் அவர் தோளுக்கு மேலால் வாசித்தேன். மூன்று வரி. இரண்டு பெயரும் என்னுடையவை. எனக்குத் தம்பி இல்லை. ஏற்பட்ட குழப்பத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நீலமும் வெள்ளையுமான சட்டைகள் வானுக்குள் அட்டைப் பெட்டியில் இருந்தன. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். கதவு திறந்திருந்தது. அத்தானும் அதைப் பார்த்தார்.

சைக்கிள் இருக்கையின்மேல் தாளை வைத்து, முதல் வரியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வெட்டினார். கீழே எழுதினார். அவர் எழுத்து படவரைஞரின் எழுத்து. அச்சு மாதிரி இருக்கும். சேற்றுக் கையால் எழுதியும் அப்படியே இருந்தது. "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். பெயர் நவரத்தினம். விசாரணை இல்லாமல் இருபது மாதமாகச் சிறையில் இருக்கிறான். அவன் இங்கே ஓடவில்லை. ஓடியது நான்." கீழே கையெழுத்துப் போட்டார்.

பிரையன் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதைக் கமிட்டியில் வைக்க முடியாது. விளையாட்டையும் அரசியலையும் கலக்கக்கூடாது, டைகர்."

அந்த வருடம் இந்த நாட்டில் எல்லோர் வாயிலும் இருந்த வசனம் அது. நிறவெறி ஆட்சி நடக்கும் தென்னாபிரிக்காவுக்கு ரக்பி விளையாடப் போனவர்களுக்காக, அலுவலகத்திலும் பேருந்திலும் கடையிலும் ஆட்கள் அதைத்தான் சொன்னார்கள். எங்கள் அச்சகத்தில் காலையும் மாலையும் கேட்டேன். ஆனால் ஒரு மனிதனுக்குத் தம்பி இருப்பது அரசியல் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தம்பியைப் பற்றிக் கேட்டது நீங்கள்," என்றார் அத்தான்.

"வேறு தாள் எழுதித் தருகிறேன். அந்த ஒரு வரிதான். யாருக்கு என்ன நட்டம்?"

"வேண்டாம்."

அவ்வளவுதான். பேனாவைத் திருப்பிக் கொடுத்துத் தாளை வாங்கிக்கொண்டார். இரண்டு இலக்கத் துணிகளையும் கழற்றிக் கொடுத்தார்.

ஹமில்டனுக்கு ஆறு பேர் போனார்கள். ஆறாவது ஆள் அத்தானை அந்த வருடம் ஒரு ஓட்டத்திலும் முந்தியவர் இல்லை. அத்தான் வெட்டி எழுதிய தாளைத் திங்கட்கிழமை நியூ லின் கடைப் பலகையில், அட்டவணைக்குப் பக்கத்தில் தானே குத்திவிட்டு வந்தார். புதன்கிழமை வேலை முடிந்து நான் போய்ப் பார்த்தேன். அட்டவணை இருந்தது. தாள் இல்லை. கடைக்காரர் எனக்கு முகம் தராமல் டியூப் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். யார் எடுத்தது என்று கேட்கத்தான் போனேன். கேட்காமல் ஒரு பெட்டி ஒட்டுத்துண்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த குளிர்காலம் அத்தான் தெற்குப் பக்கத்துக் கழகம் ஒன்றில் சேர்ந்தார். அங்கேயும் சேறுதான், பலகைதான். படிவத்தில் எல்லாப் பெட்டிகளிலும் தியாகலிங்கம் என்று அக்கா எழுதினாள். இன்னும் ஓடுகிறார். நாற்பத்திரண்டு வயதாகிறது. ஆக்லாந்துச் சட்டை அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை. மேட்டில் இளம் பெடியள் முந்திவிடுகிறார்கள்.

நவம் அண்ணை 1987இல் விடுதலையானார். போன வருடம் இங்கே வந்து சேர்ந்தார். வலது முழங்கால் மடங்காது. எப்படி என்று நாங்கள் கேட்பதில்லை.

இந்த வருடம் வெஸ்ட் ரிட்ஜ் வீலர்ஸ் தன் வெள்ளி விழாவுக்கு ஒரு மலர் போட்டிருக்கிறது. வழவழப்பான தாள். மொட்டையர் ஒரு பிரதியைக் கொண்டுவந்து, முகத்தைப் பாராமல் கொடுத்துவிட்டுப் போனார். 1986ஆம் ஆண்டு முடிவுகள் நாற்பதாவது பக்கத்தில் இருக்கின்றன. ஒன்பதாவது டி. விநாயகமூர்த்தி. பதினோராவது வி. தியாகலிங்கம். இருவரும் ஒருவரே என்று அத்தனை பேருக்கும் முன்னால் கத்தியவர்தான் மலருக்குப் பதிப்பாசிரியர்.

நவம் அண்ணை காலை நீட்டிக் கதிரையில் இருந்தபடி அந்தப் பக்கத்தை வாசித்தார். முழுக் கதையும் அவருக்குத் தெரியும்.

"அண்ணை, இதில நான் ஆர்? ஒன்பதோ, பதினொண்டோ?" என்று சிரித்தார்.

அத்தான் சிரிக்கவில்லை. மலரை வாங்கி, இரண்டு வரியிலும் விரலை வைத்தார்.

"ரெண்டும் நான்தான். கூட்டிப் பார். ரெண்டாவது இடம்."